பேரு உன்னுது, ஹலோ என்னுது

இந்தியா முழுக்கத் தேடினாலும் செல்போனே தேவைப்படாத ஒரே ஜீவன், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் ஹலோ அக்காதான். அவர் வாசலில் நின்று "ஹலோ" என்றால் ஊரின் அந்தக் கோடியில், செவிலிமேட்டில் சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றித் திரும்பிப் பார்ப்பார். அப்படியொரு தொண்டை. ஆனால் பாருங்கள், ஒரு செல்போன் நம்பருக்காக இரண்டு கம்பெனிகளையும் ஒரு புருஷனையும் ஒண்டியாக எதிர்த்து நின்றவரும் அவரேதான்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த பஸ் பிடித்து சென்னைக்கு வந்து, என் வீட்டு வாசலில் நின்று ஒரு ஹலோ சொல்லுவார். எங்கள் அபார்ட்மெண்ட் சுவரில் ஏற்கெனவே விரிசல் இருக்கிறது.

அவருக்குத் தொழில், பாவு பிணைப்பது. தறி பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற பட்டு இழைகள்தான் பாவு. ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் அடுத்த பாவை முதலிலிருந்து தறியில் கோத்துக்கொண்டிருக்க முடியாது. ஆயிரக்கணக்கான இழைகள், யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதனால் தீர்ந்த பாவின் வாலைத் தறியிலேயே விட்டுவைத்து, அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையை, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்கிச் சேர்த்துவிடுவார்கள். அப்புறம் இழுத்தால், பழையது போன வழியிலேயே புதுசும் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் பக்கத்தில் இதை அக்கா அளவுக்கு வேகமாகச் செய்ய ஆள் கிடையாது.

இந்த வேலையில் இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கும். நடுவில் போன் அடித்தால் தறி வீட்டுக்காரர் யாராவது பொத்தானை அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டு, சுவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். அறையின் அந்தக் கோடியில் ஆணி, இந்தக் கோடியில் அக்கா, நடுவில் பக்கத்துத் தறி சடக் சடக்கென்று ஓடிக்கொண்டிருக்கும். அத்தனையையும் தாண்டி ஆணிவரை போய்ச் சேர வேண்டிய ஹலோ அது. நாளடைவில் பழகிப்போய், போன் காதிலேயே இருந்தாலும் ஆணிக்குச் சொல்லுகிற ஹலோதான் வரும்.

ஆகவே அவரைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும், நம்பரை அழுத்தியதுமே போனைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொள்வார்கள். ஹலோ அடங்கிய பிறகுதான் காதுக்குக் கொண்டுவருவார்கள். வெளியூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் விவரம் தெரியாமல் முதலிலேயே காதில் வைத்துவிட்டார். அப்புறம் வெகுநாள் அவரிடம் எதைச் சொல்வதென்றாலும் இடது பக்கம் போய் நின்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் தெருவுக்கு முதன்முதலில் செல்போன் வந்ததே அக்கா வீட்டுக்குத்தான். அவர் வீட்டுக்காரர் வாங்கினார், சிம் கார்டும் அவர் பேரில். கொஞ்ச காலத்தில் அந்த மனிதர், திருப்புட்குழிப் பக்கம் ஒரு டீக்கடையும் கூடவே ஒரு புதுக் குடித்தனமும் போட்டுக்கொண்டு போய்விட்டார். போகிற அவசரத்தில், சார்ஜில் போட்டிருந்த போனை மறந்துவிட்டார். தெரு ஜனம் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து நின்றபோது அக்கா சொன்னார்: "இன்னாத்துக்கு இப்ப எல்லாரும் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு இருக்கீங்க? போனு இங்கதான இருக்குது! யாருக்காவது பேசணும்னா பேசிட்டுப் போங்க!" அந்த மனிதரைப் பற்றிய பேச்சு அன்றோடு முடிந்தது.

அன்றிலிருந்து ரேஷன் கார்டா, கேஸ் இணைப்பா, பள்ளிக்கூடமா, பேங்க்கா, எங்கே நம்பர் கேட்டாலும் எல்லோரும் அக்காவின் நம்பரைக் கொடுத்தார்கள். பிற்பாடு ஆளுக்கொரு போன் வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. எந்தக் கம்பெனி எதை இலவசமாகக் கொடுத்தாலும் பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு அங்கே தாவிவிடுவார்கள். தீபாவளிக்கு ஒரு நம்பர், பொங்கலுக்கு ஒரு நம்பர். தன் நம்பர் என்னவென்று அவரவருக்கே தெரியாது. மாறாமல் இருந்தது அக்காவின் நம்பர் ஒன்றுதான், அதனால் மறுபடியும் எல்லோரும் அதையே கொடுத்தார்கள்.

அப்புறம் ஓ.டி.பி. காலம் வந்தது. தெருவில் பாதிப் பேருடைய ஓ.டி.பி. அக்காவின் போனில் வந்து விழும். எது யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்? வாசலுக்கு வந்து ஏலம் போட ஆரம்பித்தார்.

"நாலு... ஒம்போது... ஒண்ணு... ரெண்டு! யாருதுபா இது?"

"என்னுதுக்கா! கேஸுக்கு!" என்று எங்கிருந்தாவது குரல் வரும்.

"எடுத்துக்கோ! யாரண்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்குதாம்! கம்முனு வச்சிக்கோ!"

இதைக் கேட்டால் பேங்க்காரர்களுக்கு நெஞ்சு வலி வரும். எங்கள் தெருவில் இதுவரை ஒருத்தருக்கும் ஒரு பைசா போனதில்லை. போனது மானம் மட்டும்தான். ஒரு கிருத்திகை அன்று, "அஞ்சு... அஞ்சு... மூணு... எட்டு! பிரியாணி வந்துக்கினு இருக்குதாம், யாருதுபா?" என்று கேட்டார். தெரு கப்சிப். மூன்றாவது தடவை கேட்டபோது, முருகனுக்கு விரதம் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த என் சித்தப்பா, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அதன் பிறகு விரத நாட்களில் சித்தியே அவருக்குக் காவல் இருந்தாள்.

எனக்கு வேலை கிடைத்ததும் அந்த நம்பரால்தான். சென்னையில் ஒரு பத்திரிகைக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைக் கேட்க நினைத்ததைக் கேட்பதற்குள், அக்கா அவர்களைக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டார். "உங்க ஆபீஸ்ல கேன்டீன் இருக்குதா? ஞாயித்துக்கெழம லீவு வுடுவீங்களா? பையன் நல்ல பையன். கொஞ்சம் தூங்குவான், எழுப்பிவுட்டா வேல செய்வான்." வேலையில் சேர்ந்த அன்று மேலாளர் என்னை ஓரமாக அழைத்து, "அந்த மேடம் உங்க பழைய கம்பெனி ஹெச்.ஆரா?" என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

சென்னைக்கு வந்த பிறகு அம்மாவோடு நான் பேசியதும் அந்த நம்பரில்தான். முதலில் ஒரு ஹலோ, அப்புறம் "ஏம்மா, உம்புள்ள லைன்ல இருக்கறான், ஓடியா!" என்று தெருவைப் பார்த்து ஒரு கூப்பாடு, அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு அம்மா. அம்மா போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நம்பருக்குப் பேசுவதை நான் நிறுத்தவில்லை. பிள்ளையார்பாளையத்தில் என்னைச் சாப்பிட்டியா என்று அதட்டிக் கேட்க அந்த ஒரு நம்பர்தான் மிச்சம் இருந்தது.

அந்த நம்பருக்குத்தான் போன வருஷம் ஆபத்து வந்தது. தெருமுனை வீட்டு மொட்டை மாடியில் இருந்த கம்பெனி டவரை, வீட்டை இடித்துக் கட்டுகிறேன் என்று வீட்டுக்காரர் இறக்கச் சொல்லிவிட்டார். கம்பெனிக்காரர்கள் வேறு இடம் பார்க்கவே இல்லை. தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டி மேடையில் ஏறி, வடக்குப் பார்த்து நின்றால் மட்டும் ஒரு கோடு சிக்னல் வரும். அக்கா வேலை இல்லாத நேரமெல்லாம் அந்த மேடையில் வெயிலில் நின்று போனுக்காகக் காத்திருந்தார். எங்கெங்கோ பாவு ஏற்றிவைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்தவர்கள், கிடைக்காமல் வேறு ஆளைத் தேடினார்கள்.

வேலை போனதைக்கூட அவர் பெரிதாக நினைக்கவில்லை. நர்ஸிங் படிக்கிற எங்கள் தெருப் பெண் ஒருத்தி செங்கல்பட்டு ஹாஸ்டலில் மயங்கி விழுந்தாள். ஹாஸ்டலில் கொடுத்திருந்தது அக்காவின் நம்பர். அவர்கள் அடித்து அடித்துப் பார்த்திருக்கிறார்கள். பெற்றவர்களுக்கு மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. பெண்ணுக்கு ஒன்றுமில்லை, காலையில் சாப்பிடாமல் போன மயக்கம்தான். ஆனால் அன்று முழுக்க ஹலோ அக்கா ஒருத்தரோடும் பேசவில்லை. தெருவில் அத்தனை அமைதியாக இருந்ததில் கைக்குழந்தைகளெல்லாம் பயந்து அழுதன என்று சித்தி சொன்னாள்.

"புது நம்பர் வாங்கிக்கக்கா, பேஜாரு வுட்டுது" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சொல்வதற்கு என்ன, சுலபம்தான்! வீடு மாறினால் வேலை மாறினால் நம்பரையும் உதறிவிட்டுப் போகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். டவரை எடுத்தது யார்? கம்பெனி. கஷ்டப்படுவது யார்? அக்கா. அப்புறம் எதற்காக அக்கா மாற வேண்டும்? எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அக்கா என்னைவிடத் தெளிவாகச் சொன்னார்.

"மாத்தினா எத்தினி பேரண்டபா போய்ச் சொல்லுவே? ஸ்கூல்ல சொல்லுவே, ஹாஸ்டல்ல சொல்லுவே, பேங்க்ல சொல்லுவே. எவனாவது ஒருத்தன் வுட்டுப்பூடுவான். அந்த ஒருத்தன் வூட்டுக்குத்தான் அவசரமா போன் வரும். நம்பரு இதுதான். கம்பெனி வேணும்னா மாறட்டும்!"

நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம் என்று சட்டமே இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னேன். சொன்னதற்குத் தண்டனையாக, ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு காஞ்சிபுரம் வரச் சொல்லி உத்தரவு வந்தது.

டவர் நன்றாக எடுக்கிற வேறொரு கம்பெனியின் கடைக்குப் போனோம். கழுத்தில் டை கட்டிய பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அக்கா என்னை முன்னால் தள்ளி, "இவன் பத்திரிகைக்காரன். எழுதிட்டான்னா அவ்ளோதான்" என்றார். பையன் பயபக்தியோடு எழுந்து, "எந்தப் பத்திரிகை சார்?" என்றான். சொன்னேன். "அது இன்னும் வருதா சார்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"இதே நம்பர போர்ட் பண்றதுக்குப் பதிலா புதுசு ஒண்ணு வாங்கிக்கோங்களேம்மா. ஃபேன்சி நம்பரெல்லாம் இருக்குது, ஞாபகம் வச்சிக்க ஈஸி."

"ஏம்பா, பாவு தீந்துபோச்சுன்னா தறியக் கொளுத்திட்டு வேற தறி வாங்குவியா? பழைய வாலு இருக்குதில்ல, அதுல புதுச முறுக்கிச் சேத்துவுடு. எனக்கு அதான் வேணும்."

பையனும் நம்மூர்ப் பையன்தான் போலிருக்கிறது, சிரித்துவிட்டான். "செஞ்சிடலாம்மா. சிம்மு உங்க பேர்லதான இருக்குது?"

அக்கா முதல்முறையாகத் தடுமாறினார். "எங்க வூட்டுக்காரு பேர்ல."

"அப்ப மொதல்ல பழைய கம்பெனி கடைல உங்க பேருக்கு மாத்தணும். அதுக்கு அவர் ஆதாரோட நேர்ல வரணும்." அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பையன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒருவேளை அவர் தவறிட்டார்னா, டெத் சர்டிபிகேட் இருந்தா போதும்மா."

அக்காவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்படியா? இரு, திருப்புட்குழி வரைக்கும் போய் முடிச்சிட்டு வந்துடறேன். எத்தினி மணி வரைக்கும்பா கடை?"

"எட்டு மணி வரைக்கும்மா" என்றான், ரொம்ப நல்ல பையன்.

சித்தப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போனோம். பின்னால் உட்கார்ந்து, அந்த மனிதரிடம் என்னென்ன சொல்லப் போகிறேன் என்று அக்கா ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். திருப்புட்குழி போகும்வரை நான் ஹாரனே அடிக்கவில்லை. லாரிகள் தாமாகவே ஒதுங்கின.

டீக்கடை சாலையோரமாகவே இருந்தது. அந்த மனிதர் உயரத் தூக்கி டீ ஆற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய இப்போதைய சம்சாரம் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். அக்கா வண்டியிலிருந்து இறங்காமலே "ஹலோ!" என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். மேல் குவளையிலிருந்து இறங்கிய டீ கீழ்க் குவளைக்குப் போகாமல் தரைக்குப் போனது.

அக்கா வந்த விஷயத்தைச் சொன்னார். அந்த மனிதர் கையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "மாத்தித் தர மாட்டேன்" என்றார்.

"ஏன் மாட்டே?"

"அந்த வூட்ல என் பேர்ல மிச்சம் இருக்கறதே அது ஒண்ணுதான். ரேஷன் கார்டுல எடுத்துட்டே. கரண்டு பில்லுல எடுத்துட்டே. நம்பராவது இருந்துட்டுப் போவட்டும்."

எனக்கே ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. அக்காவுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

"பேருதான்யா உன்னுது. ஹலோ என்னுது! நீ வுட்டுட்டுப் போன அன்னிலேந்து இந்த போன எடுத்துப் பேசினது யாரு? யார் வூட்ல சாவு, யார் வூட்ல கொழந்தன்னு கேட்டுக்கினு ஓடினது யாரு? இத்தினி வருசத்துல இதுல உனக்குன்னு ஒரு போன் வந்திச்சா? வந்திருந்தா சொல்லு!"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜனம் வேறு பார்த்துக்கொண்டிருந்தது. "ஏன், எனக்கு மட்டும் ஹலோ சொல்லத் தெரியாதா?"

அக்கா போனை எடுத்து பிஸ்கட் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். "தெரியுமா? சரி, சொல்லு. நான் ஒரு டீ குடிக்கறேன். குடிச்சி முடிக்கற வரைக்கும் வர்ற போனெல்லாம் நீ எடு. சமாளிச்சிட்டேன்னா நம்பர நீயே வச்சிக்கோ. நான் திரும்பிப் பாக்காம போய்க்கினே இருப்பேன்."

தெருவின் நம்பரையே பந்தயத்தில் வைத்துவிட்டாரே! "அக்கா, வேணாங்கா" என்று கையைப் பிடித்தேன். "நீ கம்முனு குந்து" என்றார்.

நெடுஞ்சாலையில் அந்தக் கம்பெனிக்கு டவர் முழுசாக எடுத்தது. தெருவில் இத்தனை நாள் கிடைக்காமல் தவித்த நம்பர், உயிர் வந்ததும் அடிக்க ஆரம்பித்தது. அந்த மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டு, "ஹலோ" என்றார்.

"அக்கா! பாவு ஏத்தி வச்சிக்கினு இருக்கேன், எப்ப வரே?"

"அக்கா இல்லீங்க. நான் வந்து..."

"நீ யார்யா? அக்காவுக்கு இன்னா ஆச்சு? போனத் திருடிட்டியா? எங்கடா கீற இப்ப?" அதற்கு மேல் வந்ததை எந்தப் பத்திரிகையும் அச்சில் போடாது.

அதை வைத்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து. "எல்.கே.ஜி. பையன் வாந்தி எடுத்துட்டான், யாராவது வந்து கூட்டிட்டுப் போங்க."

"எந்தப் பையன்மா?"

"அந்த மேடத்துக்குச் சொன்னா தெரியுங்களே. நீங்க யாரு?"

தான் யார் என்று அந்த மனிதர் யோசிப்பதற்குள் அடுத்த போன். ஒரு பெண், அழுதுகொண்டே பேசினாள். எங்கள் தெருவிலிருந்து வாலாஜாபாத் பக்கம் கட்டிக்கொடுத்த பெண். "அக்கா, என்னால இந்த வூட்ல இருக்க முடியல. கெளம்பி வந்துடட்டுமா, வேணாமா? ஒரே வார்த்தைல சொல்லு."

குடும்பத்தை விட்டுவிட்டுக் கிளம்பலாமா கூடாதா என்று, உலகத்தில் வேறு ஆளே இல்லாமல், இவரிடம் வந்து கேட்டால் என்ன சொல்வார்? அக்காவைப் பார்த்தார். பஜ்ஜிச் சட்டிப் பக்கம் பார்த்தார். அக்கா டீயை ஊதி ஊதி, ஒரு அவசரமும் இல்லாமல் குடித்துக்கொண்டிருந்தார்.

பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அம்மாதான் கரண்டியை வைத்துவிட்டு வந்தார். "யோவ், போய்க் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு வாய்யா. அவங்க டீ குடிச்சி முடிக்கறதுக்குள்ள நீ செத்துடுவே போலிருக்குது."

"அப்படி ஆனாலும் பரவால்லம்மா" என்றார் அக்கா. "அதுக்கும் ஒரு வழி இருக்குதுன்னு கடைல சொன்னாங்க."

அப்புறம் போனை வாங்கி, அழுகிற பெண்ணிடம், "மொதல்ல மூஞ்சி கழுவிக்கினு சாப்புடு. சாயந்தரம் நான் அங்க வரேன், வந்து பேசிக்கலாம். அதுக்கப்பறமும் இருக்க முடியலன்னா என் கூடவே கெளம்பி வந்துடு, எவன் கேக்கறான்னு பாப்போம்" என்றார். பள்ளிக்கூடத்தைக் கூப்பிட்டு, "கண்ணாடி போட்ட புள்ளதான? அவன் அம்மாவ அனுப்பறேன், அதுவரைக்கும் படுக்க வைங்க" என்றார். பாவு வீட்டுக்காரரிடம், போனை யாரும் திருடவில்லை என்றும் முதலில் வாயைக் கழுவு என்றும் சொன்னார். எல்லாம் முடிந்தபோது டம்ளரில் இன்னும் ஒரு வாய் டீ இருந்தது.

பழைய கம்பெனிக் கடையில் அந்த மனிதர் போட்டோவுக்கு நின்றார், கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து படியில் நின்றுகொண்டு, "நான் எப்பனா ஒரு தபா போன் பண்ணா எடுப்பியா?" என்று கேட்டார்.

"எடுப்பேன்" என்றார் அக்கா. "யார் பண்ணாலும் எடுக்கறதுக்குத்தான போனு."

பேர் மாறி வந்த பிறகு, அடுத்த தடவை நான் ஊருக்குப் போனபோது மிச்ச வேலையையும் ஆரம்பித்தோம். போர்ட் என்று எழுதி, பக்கத்தில் நம்பரைப் போட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு மெஸேஜ் அனுப்ப வேண்டும், பதிலுக்கு ஓ.டி.பி. மாதிரி ஒரு கோடு வரும், அதைக் கொண்டுபோய் டை கட்டிய பையனிடம் கொடுத்தால் முடிந்தது என்று விளக்கி, தொட்டி மேடையில் நின்று மெஸேஜையும் அனுப்பிவிட்டு பஸ் ஏறினேன். மறுநாள் ஆபீசில் இருந்தபோது அக்கா கூப்பிட்டார். கொதித்துக்கொண்டிருந்தார்.

"கோடும் வரல, ஒண்ணும் வரல! ஏமாத்தறானுங்கபா! நீ இத பத்திரிகைல எழுது!"

"எதுவுமே வரலியாக்கா?"

"எனக்கு எதுவும் வரல. எவனுக்கோதான் ஒண்ணு வந்திச்சு, இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் கலந்துக்கினு. தொட்டி மேல நின்னு கத்து கத்துன்னு கத்தினேன். யாருதுபா, யாருதுபான்னு ஒவ்வொரு வூடா ஏறி எறங்கினேன். ஒருத்தனும் என்னுதுன்னு சொல்லல. அழிச்சிட்டேன்."

"அக்கா... அது உன்னுதுக்கா."

சிக்னல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

"எனக்கா?" என்றார். ஆணிக்குச் சொல்லுகிற குரல் இல்லை. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே கிடையாது. "எனக்கெல்லாம் யாருபா அனுப்பப் போறாங்கன்னு..."

அத்தனை வருஷமாக அந்த போனில் வந்த மெஸேஜ் எதுவும் அவருக்காக வந்ததில்லை. வந்தது எல்லாம் யாருக்கோ போய்ச் சேர வேண்டியது. தனக்கென்று ஒன்று வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுபடியும் மெஸேஜ் அனுப்ப வைத்தேன். கோடு வந்தது. இரண்டாவது தடவையும் பழக்கதோஷத்தில், தொட்டி மேடையில் நின்று அந்த எழுத்தையும் நம்பரையும் ஏலம் போட்டு, "யாருதுபா இது?" என்று கத்திவிட்டாராம். தறியில் இருந்தவர்கள் தறியிலிருந்தே, அடுப்படியில் இருந்தவர்கள் அடுப்படியிலிருந்தே, தெருவே சேர்ந்து கத்தியதாம்: "உன்னுதுக்கா!"

அப்புறம்தான் அக்கா கடைக்குப் போனார். பழைய சிம் செத்து, புது சிம்முக்கு உயிர் வருகிற நாளும் வந்தது. இடையில் சில மணி நேரம் இரண்டிலும் நம்பர் இருக்காது என்று டை கட்டிய பையன் சொல்லியிருந்தான். அக்கா அதைப் புரிந்துகொண்டார். பழைய வாலுக்கும் புதுப் பாவுக்கும் நடுவில், விரல் முறுக்கிக்கொண்டிருக்கிற நேரம் அது, அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும் என்று தெருவுக்கே விளக்கம் சொன்னாராம். நான்தான் புரிந்துகொள்ளவில்லை. ஆபீசில் உட்கார்ந்துகொண்டு திரும்பத் திரும்ப அடித்தேன். நீங்கள் அழைக்கும் எண் தற்சமயம் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல், பிசிறில்லாமல், ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி சொன்னது. உபயோகத்தில் இல்லையா? யாரைப் பார்த்து என்ன சொல்லுகிறாய்? அந்தக் குரலோடு நான் சத்தமாகவே சண்டை போட்டிருக்கிறேன் என்று பக்கத்து நாற்காலிக்காரர் அப்புறம் சொன்னார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருந்தது. எங்கேயோ ஒரு இழை தவறி, அந்த நம்பர் யாரோ முகம் தெரியாத ஆளுக்குப் போய்விட்டால், ஞாயிற்றுக்கிழமை நான் யாரைக் கூப்பிடுவேன்?

மத்தியானம் சாப்பிடப் போகாமல் இன்னொரு தடவை அடித்தேன். அந்தப் பெண் குரல் வரவில்லை. மறுமுனையில் மணி அடித்தது. என் கை தன்னால் நீண்டு போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டது.

"ஹலோ!"

ஆபீசில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் தறி ஓடுகிற சத்தம் கேட்டது. தொட்டி மேடை இல்லை, ஏதோ ஒரு தறி வீட்டு ஆணியில் போன் தொங்கிக்கொண்டிருக்கிறது. அக்கா வேலையில் இருக்கிறார்.

"யாருபா அது? பேசு! நம்பரு அதேதான், எங்கயும் போவல! சாப்ட்டியா இல்லியா?"

நீட்டியிருந்த கையை மடக்கி, போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். "ஹலோ!" என்று இன்னொன்று வந்தது. காது வலித்தது. நான் போனை நகர்த்தவே இல்லை.